என் மீது கட்டிய பிராது

1

பழமலை மாமா, உங்கள் தம்பியின் வலது கையைக் கெடுத்தது நீங்கள்.

வாதம் வந்தது யார் குற்றமும் இல்லை. அதற்குப் பிறகு இங்கே பாடுபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்த கையை, விருத்தாசலத்தில் ஒரே மாதத்தில் பழையபடி ஆக்கி அனுப்பினீர்களே, அதைச் சொல்கிறேன். அதோடு நிற்காமல் கொளஞ்சியப்பர் கோயிலில் என் மீது பிராது வேறு கட்டியிருக்கிறீர்கள். நீங்கள் சாமியிடம் சொல்லிவிட்டீர்கள். நான் ஊரிடம் சொல்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக: பழமலை என் மூத்தார், என் கணவர் கொளஞ்சியின் அண்ணன். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார். நாங்கள் இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருக்கிறோம். இதுவும் பீங்கான் ஊர்தான். நம் ஊரைப் போலவே இங்கேயும் பல சூளைகள் அணைந்துவிட்டன. என்ன, இங்கே அணைந்த சூளைக்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைத்து, பார்க்க டிக்கெட் போடுகிறார்கள். கணவர் ஊரில் செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே வந்து, கப்பும் சாசரும் செய்யும் தொழிற்சாலையில் சூளை பார்த்தார். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒரே மகள் பிரியா, பிரிஸ்டலில் இருக்கிறாள்.

போன வாரத்தோடு அவர் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதே வாரத்தில்தான் பிராது விஷயம் என் காதுக்கு வந்தது.

2

ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கையும் காலும் போயின. கூடவே இங்கிலீஷும் போனது. இருபத்தைந்து வருஷமாக அந்த இங்கிலீஷில் வேலை வாங்கினார், சண்டை போட்டார், முதலாளியைக் கிண்டல் செய்தார். கண் விழித்தபோது விருத்தாசலம் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. நர்ஸைப் பார்த்து "தண்ணி குடும்மா" என்பார். அவள் சிரித்தபடி ஜன்னலைத் திறந்துவிடுவாள்.

இந்த நாட்டில் மூளையில் அடி வாங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். வார்டுக்குள்ளேயே சின்னதாக ஒரு சமையலறை இருக்கிறது. அங்கே கூட்டிப் போய் ஒரு கப் டீ போடச் சொல்வார்கள். தண்ணீர் பிடிக்கிறாரா, ஸ்விட்ச் போடுகிறாரா, எது முன்னால் எது பின்னால் என்று தெரிகிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அதை வைத்து மூளை எவ்வளவு வேலை செய்கிறது என்று எழுதுவார்கள். வெள்ளைக்காரனுக்கு நியாயமான பரீட்சைதான்.

எங்கள் ஆள் கெட்டிலைப் பார்த்தார். டீத்தூள் பொட்டலத்தைப் பார்த்தார். பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, தூளைக் கெட்டிலுக்குள் கொட்டினார். அதிலேயே பாலையும் ஊற்றப் போனபோது ஹெலன் ஓடிவந்து பிடுங்கினாள். ஹெலன், அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் தெரபிஸ்ட். வேலைகளை வரிசைப்படுத்துவதில் கடுமையான குறைபாடு என்று எழுதினாள்.

இது வாதத்தால் வந்த குறைபாடு இல்லை, பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை. டீக்கப் செய்யும் தொழிற்சாலையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவருக்கு டீ போடத் தெரியாதா என்று கேட்டாள். தெரியாது. ஊருக்கெல்லாம் கப் சுட்டுக் கொடுத்தார். ஒரு கப்பைக்கூட கழுவியதில்லை.

போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். "ஐயா, வீட்டில நீங்கள் தேத்தண்ணி போடுறனீங்களோ?" என்று கேட்டார். இவர் வெகுநேரம் யோசித்தார்.

"அது வூட்ல பாத்துக்குவாங்க."

அந்த அம்மா, இவருக்கு மனைவி போடும் டீதான் பிடிக்கும் என்று இங்கிலீஷில் சொன்னார். ஹெலன் முகம் மலர்ந்து அதையும் எழுதிக்கொண்டாள்.

இந்த ஒரு கப் டீயால் அவரை வீட்டுக்கு அனுப்பலாமா, பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பலாமா என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் என் கணவருக்காக வாதாடினேன். என்ன சொல்லி? என் கணவர் மூளை கெட்டவர் அல்ல, எங்கள் ஊர் ஆம்பளை என்று சொல்லி. அதை எப்படி மரியாதையாக எழுதிக்கொண்டார்களோ தெரியாது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

3

வீட்டுக்கு வந்தும் தெரபி கொடுத்தார்கள். கொஞ்ச வாரங்களுக்கு மட்டும். இவர்களுக்கு எல்லாவற்றுக்கும் இலக்கு வேண்டும். வந்த முதல் நாளே, உங்கள் இலக்கு என்ன என்று இவரிடம் கேட்டார்கள். நம் ஊர்க்காரர் என்ன சொல்வார்? ஆபீசர் மாதிரி ஒருத்தி வீடு தேடி வந்து விசாரிக்கிறாள். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேம்மா. ஒரு கொறையும் இல்ல" என்று கும்பிட முடியாத கையைக் கும்பிடத் தூக்கினார். குறையே இல்லை என்றால் தெரபி எதற்கு என்று மூட்டை கட்டப் பார்த்தார்கள். நான் குறுக்கே விழுந்து, இவருக்குச் சட்டை பொத்தான் போட வேண்டும், ரொட்டி பாக்கெட் பிரிக்க வேண்டும், டீ போட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவர் என்னை முறைத்தார்.

எனக்குப் போட்ட ஒரே விதி: உதவி செய்யாதே. இதைப் போலக் கொடுமையான வைத்தியம் உலகத்தில் இல்லை. ஒரு பொத்தானோடு அவர் மல்லுக்கட்டுவார். குழம்பு கொதித்து, இறக்கி, தாளித்தும் முடிந்திருக்கும். அந்தப் பொத்தான் இன்னும் ஓட்டைக்குள் போயிருக்காது. என் கை தன்னால் நீளும். வார இறுதியில் வந்திருக்கும் மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, யூ ஆர் டூயிங் இட் அகெய்ன்" என்பாள். அவள் அப்பாவிடம் தமிழில் சொல்லத் தெரிந்தது, "அப்பா, இன்னும் ஒரு வாட்டி" மட்டும்தான். அதைச் சொல்லியே அவரைப் படுத்தி எடுத்தாள்.

கை வந்தது. முழுசாக வரவில்லை. விரல்கள் விரிய ஆரம்பித்தன. கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது. ராத்திரியில் விரல்கள் மடங்கி இறுகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தகடு கொடுத்திருந்தார்கள், அதை நானே கட்டிவிடுவேன். கொடுத்த வாரங்கள் முடிந்ததும் அரசாங்கம் தெரபியை நிறுத்திக்கொண்டு, ஒரு கையால் தோட்டவேலை செய்வது எப்படி என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. எங்களுக்குத் தோட்டம் இல்லை. அதன்பிறகு நாங்களே தொடர்ந்தோம். அவர்கள் ஸ்பூன் வரைதான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஸ்பூனில் சாப்பிடுவது அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்லை. இடது கையால் சாப்பிடச் சொன்னால் தட்டையே தள்ளிவிடுவார். அதனால் தினமும் சாம்பார் சோறு குழைவாகப் பிசைந்து வைத்து, அந்த வலது கையாலேயே அள்ளப் பழக்கினேன். பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு. ஹெலன் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள்களில் இது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முழுசாக ஒரு கப் டீ போட்டார். குடித்துவிட்டுக் கப்பையும் கழுவிக் கவிழ்த்தார். மகள் அதை வீடியோ எடுத்து, பெருமையோடு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

4

அந்த வீடியோ விருத்தாசலத்தில் சாவுச் சேதி மாதிரி இறங்கியது.

முதலில் மாமாவின் மனைவி, என் ஓரகத்தி அஞ்சலை அக்கா அழுதுகொண்டு கூப்பிட்டார். பிறகு மாமா.

"என் தம்பி கையால நான் ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. அவன எச்சிக் கப்பு கழுவ வுட்டுட்டியே, செல்வி. உனக்கு முடியலன்னா சொல்லு. இங்க அனுப்பு. நாங்க பாத்துக்குறோம்."

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். மாமனார் இறந்தபோது என் கணவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். மாமா தன் படிப்பை விட்டுவிட்டுப் பேட்டையில் மண் மூட்டை சுமந்து தம்பியைப் படிக்க வைத்தார். சூளை தீய்த்த தழும்பு அவர் முழங்கையில் இன்னும் இருக்கிறது. தம்பி கையில் ஒரு கீறல் விழக்கூடாது என்று வளர்த்தார். விழவில்லை. டீயும் போடவில்லை.

பேரனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்றார். போனோம்.

அந்த மாதம் என் கணவர் ராஜாவாக இருந்தார். எழுந்திருக்க இரண்டு பேர், செருப்பு மாட்ட ஒருவர். போன் வந்தால்கூட யாராவது காதில் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். பட்டறையில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் லண்டன் தம்பி என்று காட்டினார்கள். நாங்கள் லண்டனில் இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்தது. ராத்திரி கட்டுகிற தகட்டை அஞ்சலை அக்கா இரண்டாம் நாளே கழற்றி பீரோ மேல் போட்டுவிட்டார். பாவம், உறுத்துமாம். நான் எடுத்துக் கட்டினால் மறுபடி கழற்றினார். எண்ணெய் தேய்த்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று புறா ரத்தமும் தேய்த்தார்கள். புறா செத்ததுதான் மிச்சம்.

இங்கிலாந்துக்குப் போய் நான் கெட்டுவிட்டேன் என்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணை நானே விசாரித்துக் கூப்பிட்டேன். பாத்திமா என்று பெயர். ஸ்கூட்டியில் வந்தாள். கையைப் பார்த்த உடனே, விரல் இறுக ஆரம்பித்திருக்கிறது, யாரும் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்றாள். இங்கிலாந்தில் கேட்ட அதே பேச்சு.

"ஐயா, இந்தக் கைய அவரு யூஸ் பண்ணலன்னா, மூளை இந்தக் கைய மறந்துடும். எவ்ளோ சிந்துனாலும் அவரே செய்யட்டும்."

மாமா சொன்னார்: "காசு குடுத்து என் தம்பிய நோவடிக்க ஆளு வைக்கிறதா? டீ குடிச்சிட்டு கெளம்பும்மா."

அவள் டீ குடிக்காமல் கிளம்பினாள். வாசலில் என்னிடம், "இது எல்லா வூட்லயும் நடக்குறதுதாங்கக்கா. பாசமா இருக்கிற வூட்லதான் எனக்கு வேல ஓடாது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

காதுகுத்து அன்று பந்தியில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் எதிர் வரிசையில். இலையில் சோறு விழுந்து சாம்பார் ஊற்றியதும், என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலது கையை எடுத்து இலையில் வைத்தார். ஊரே உட்கார்ந்திருக்கும் பந்தியில், தானாகவே வைத்தார். விரல்கள் மெதுவாக மடங்கின. ஒரு பிடி எழுந்தது. பாதி வேட்டியில் விழுந்தது, மீதி வாய்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மாமா எழுந்தார். அந்தக் கையைப் பிடித்தார். சொம்புத் தண்ணீரை ஊற்றி இலையிலேயே அதைக் கழுவினார். துண்டால் துடைத்து, மடியில் எடுத்து வைத்தார். பிறகு தன் இலையிலிருந்து தன் கையால் பிசைந்து ஊட்டினார். "நான் இருக்கும்போது நீ ஏன்டா கஷ்டப்படுற" என்றார். பந்தி முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். போட்டோகிராபர் ஓடிவந்து எடுத்தார். அந்தப் படம்தான் இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் இருக்கிறது. நன்றாகப் பாருங்கள். என் கணவர் வாயில் சோறு இருக்கிறது. கண் மடியில் கிடக்கும் கையைப் பார்க்கிறது.

சாப்பாடு முடிந்து தாம்பூலம் வாங்குகிற இடத்தில் மாமா நாலு பேர் கேட்கச் சொன்னார்: "அங்க அவ என் தம்பிய பாத்தரம் கழுவ வுடுறா." அந்த நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் வீட்டு விசேஷம். சபையில் சண்டை போடக்கூடாது என்று எனக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

5

திரும்பி வந்தபோது கை மூடியிருந்தது. நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது. விரலைப் பிரித்தால் வலியில் கத்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உங்களை எங்கள் கணக்கிலிருந்து விடுவித்துவிட்டோம், குடும்ப டாக்டரிடம் போங்கள் என்றார்கள். குடும்ப டாக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன் என்றார். எழுதினார். வரிசையில் நில்லுங்கள் என்று ஆஸ்பத்திரி பதில் எழுதியது. இதற்கு மட்டும் இவர்கள் நம் தாலுக்கா ஆபீஸை எதுவும் சொல்ல முடியாது. காத்திருக்கும் நேரத்தில் படிக்க அதே தோட்டவேலைப் புத்தகம் தபாலில் வந்தது.

ஒருவழியாக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தெரபிஸ்ட் போனில் பேசினாள். மொழிபெயர்க்க இந்தத் தடவை வேறு ஒருவர், மதுரைப் பக்கம். வழக்கம்போல இலக்கு என்ன என்று கேட்டாள். நான் பொத்தான், ரொட்டி என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவர் இடது கையை நீட்டி என்னை நிறுத்தினார். வார்த்தை கோத்துக்கொண்டு வர நேரமாகும் அவருக்கு. போனில் அந்தப் பக்கம் இருந்தவர்கள் லைன் போய்விட்டதா என்று கேட்டார்கள்.

"பந்தியில," என்றார். "நாலு பேரோட ஒக்காந்து. என் கையால சோறு திங்கணும்."

மதுரைக்காரர் அதை ஒழுங்காகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பந்தி என்றால் என்னவென்று புரிய வைக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. இப்போது மறுபடி தெரபி தொடங்கியிருக்கிறது. பழைய இடத்துக்கு வருவதே கஷ்டம் என்கிறார்கள். இன்னொரு தடவை இறுகினால் வரவே வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

6

கொளஞ்சியப்பர் விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கும் சாமி அவர். அவரிடம் வேண்டிக்கொள்வதோடு விடமாட்டோம். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதுபோல எழுதி, அங்கே இருக்கும் வேலில் கட்டிவிட்டு வருவோம். அதுதான் பிராது. திருடு போனதற்குக் கட்டுவார்கள், பங்காளிச் சண்டைக்குக் கட்டுவார்கள். அண்ணன் தம்பிக்காகக் கட்டியதில் தப்பில்லை. தம்பி ஊரோடு வந்து சேர வேண்டும், அவன் பெண்டாட்டி மனம் திருந்த வேண்டும் என்று கட்டியிருக்கிறார். தை மாதம் தானே வந்து தம்பியைக் கூட்டிப்போவதாகவும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அஞ்சலை அக்கா நல்ல செய்தி சொல்வதுபோல என்னிடம் இதைச் சொன்னார்.

மகளிடம் சொன்னேன். பிராது என்றால் என்ன என்று கேட்டாள். சாமியிடம் கொடுக்கும் கம்ப்ளைன்ட் என்றேன். அப்படியானால் நம் பக்கம் யார் பேசுவார்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். வக்கீல் வைக்க முடியாது என்றதும், அதெப்படி நியாயமாகும் என்று சீரியஸாகவே வாதாடினாள். இங்கே பிறந்த பிள்ளை. சாமிக்கும் நடைமுறை உண்டு என்று நினைக்கிறது.

கணவரிடம் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். மகளிடம் நான் பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது. போய்விடலாம் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். மழுப்பவில்லை அவர். போகலாம் போலத்தான் இருக்கிறது என்றார். இங்கே குளிர், தனிமை, தினமும் வலி. அங்கே அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து மீதி வந்தது.

"அங்க நல்லா பாத்துக்குறாங்க, செல்வி. குளிப்பாட்டுறாங்க. துணி மாத்துறாங்க. தூக்கறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "பொணத்துக்குச் செய்யிற மாதிரி இருக்குது."

மாமா, இது நான் சொன்னது இல்லை, உங்கள் தம்பி சொன்னது. அவருக்கு உங்கள் பக்கத்தில் இருக்க ஆசை. எனக்கும் அதைத் தடுக்க விருப்பமில்லை. தை மாதம் நீங்கள் வர வேண்டாம், நானே கூட்டி வருகிறேன், பாத்திமாவை வைத்து அங்கேயே தெரபி தொடர்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொன்ன பிறகுதான் டிக்கெட் எடுப்பேன்.

உங்கள் வீட்டுப் பந்தியில் அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வலது கையால் அள்ளி, இலையிலும் வேட்டியிலும் தரையிலும் சிந்தி, ஊரெல்லாம் எழுந்து போன பிறகும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். அதுவரை நீங்கள் உங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்களா, மாட்டீர்களா?

ஊட்டியது ஊர் பார்க்க. என்னைச் சொன்னது நாலு பேர் கேட்க. பதிலும் அப்படியே வரட்டும். அந்தப் படத்தை முகப்பில் வைத்திருக்கும் அதே குழுவில், எல்லோரும் படிக்கும்படி, ஒரு வரி எழுதுங்கள். அஞ்சலை அக்காவை விட்டுப் போன் செய்யச் சொல்லாதீர்கள், நான் எடுக்க மாட்டேன். உங்கள் தம்பியும் அந்தக் குழுவில் இருக்கிறார். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.